அல்போன்சம்மா இந்தியாவின் முதல் புனிதரா? யார் சொன்னது?

வசாய்_சவரி:
நேற்று இங்கே ஒருவர், கேரளத்தில் அல்போன்சம்மாவின் கல்லறை இருக்கும் பரணங்கானம் போய்வந்த கதையை எழுதி, ‘இந்தியாவின் முதல் புனிதர் அல்போன்சம்மா’ என்று தலைப்பிலேயே முழங்கியிருக்கிறார். கீழே வரிசையாக ‘ஆமென்’ வேறு. மும்பைக்குப் பக்கத்து வசாயில் பிறந்த கொன்சாலோ கார்சியாவுக்குக் கத்தோலிக்கத் திருச்சபை 1862-லேயே புனிதர் பட்டம் கொடுத்தாயிற்று. அல்போன்சம்மாவுக்குக் கிடைத்தது 2008-ல். கழித்தல் கணக்குகூடத் தெரியாதா?

மார்த்தாண்டம்_லில்லி:
எழுதியது நான்தான் சவரி அண்ணே, பேரைச் சொல்லியே திட்டலாம். கார்சியாவின் அப்பா போர்த்துக்கீசியச் சிப்பாய் என்பதை மட்டும் லாவகமாக விழுங்கிவிட்டீர்களே! அவர் சிலுவையில் உயிர்விட்டது நாகசாகியில். அல்போன்சம்மா குடமாளூரில் பிறந்து, பரணங்கானம் மடத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்து, 35 வயதில் அங்கேயே கண்மூடியவர். ஜூலை 28 திருநாளுக்குப் போய்ப் பாருங்கள். எனக்கு முன்னால் நின்ற பாட்டி, மழையில் நனைந்த பேரனின் காலைத் தன் முந்தானையால் துடைத்து, வளைந்த அந்தப் பாதத்தைக் கல்லறைமேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். வளைந்த பாதத்தோடு பிறந்த ஒரு குழந்தை குணமானதைத்தான் பட்டத்துக்கான அற்புதமாக ரோம் ஏற்றது.

வசாய்_சவரி:
பாட்டி, பேரன், மழை எல்லாம் சரி. 1862-க்குப் பதில் எங்கே? கார்சியாவின் அம்மா கொங்கணக்கரைப் பெண், அவர் பிறந்த மண் வசாய். இதற்குமேல் ரேஷன் கார்டு காட்ட வேண்டுமா?

கோட்டாறு_ராஜன்:
நீங்கள் இரண்டு பேரும் அடித்துக்கொள்ளுங்கள். எங்கள் குமரி மாவட்டத்துப் புனிதர் தேவசகாயம் 1752-லேயே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். கல்லறை கோட்டாறு சவேரியார் கோயிலில் இருக்கிறது. துறவியும் இல்லை, சாமியாரும் இல்லை, பெண்டாட்டி உள்ள மனுஷன். மார்த்தாண்டத்துக்காரி பக்கத்தில் இருக்கிற அவரை விட்டுவிட்டு மலையேறிப் போகிறார்!

வசாய்_சவரி:
அவருக்குப் பட்டம் 2022-ல். 1862 முந்தியா, 2022 முந்தியா?

பாலா_தோமா:
சிரிய வழிபாட்டு முறையைப் பின்பற்றும் எங்கள் சீரோ மலபார் கத்தோலிக்க சபையின் முதல் புனிதர் அல்போன்சம்மா. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ‘இந்தியாவின் முதல் பெண் புனிதர்’ என்று தலைப்பை மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

மார்த்தாண்டம்_லில்லி:
ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். இந்திய அரசே 2009-ல் அவர் படம் போட்டு நாணயம் வெளியிட்டது. உங்கள் கார்சியாவுக்கு எந்த நாணயம் அண்ணே?

வசாய்_சவரி:
ஓஹோ, இனிமேல் ரிசர்வ் வங்கிதான் புனிதர் பட்டம் கொடுக்குமா? தோமா, உங்கள் வழிபாட்டு முறைப் பெருமையைக் கோட்டயத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். லத்தீன் முறைக்காரன் முந்திக்கொண்டான் என்ற எரிச்சல் நன்றாகத் தெரிகிறது. 1862!

பாலா_தோமா:
சமாதானம் பேச வந்தவனையும் இழுக்கிறீர்கள். போர்த்துக்கீசியர் வந்து எங்களுக்குச் செய்ததை எல்லாம் எடுத்துப் பேசினால் இந்த இடம் தாங்காது.

கோட்டாறு_ராஜன்:
அதிருக்கட்டும். கல்யாணம் வேண்டாம் என்று அல்போன்சம்மா உமி எரிந்த குழியில் காலைச் சுட்டுக்கொண்ட கதையை ஞாயிறு மறைக்கல்வியில் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா? என் மகள் இரண்டு நாள் அடுப்படிப் பக்கமே வரவில்லை.

மார்த்தாண்டம்_லில்லி:
1923-ல் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்ணைப் பிடித்துக் கட்டிவைக்கப் பார்த்தவர்களைக் கேட்க மாட்டீர்கள், குழியில் இறங்கியவளைத்தான் கேட்பீர்கள். நல்ல அப்பா!

கோட்டாறு_ராஜன்:
குடும்பத்தை இழுக்காதீர்கள். கால் தவறி விழுந்ததாகவும் சொல்கிறார்கள், தெரியுமா?

வசாய்_சவரி:
விழுந்தாலும் இறங்கினாலும் 1862-க்கு அப்புறம்தான். லில்லி தலைப்பை மாற்றும் வரை தினமும் வந்து இதையே எழுதுவேன்.

மார்த்தாண்டம்_லில்லி:
தாராளமாக எழுதுங்கள். அடுத்த பதிவுக்கும் அதே தலைப்புதான். ராஜன் அண்ணாச்சி, விழுந்ததா இறங்கியதா என்ற ஆராய்ச்சிக்கு முன்னால், போன ஜூலையில் எங்களோடு பரணங்கானம் வந்த வேனுக்கு உங்கள் பங்கைக் கொடுங்கள்.

கோட்டாறு_ராஜன்:
ஏசி வேன் என்று சொல்லிவிட்டு ஜன்னல் கண்ணாடிகூட ஏறாத வண்டியைக் கொண்டுவந்தது யார்? வழியெல்லாம் நனைந்துகொண்டே வந்தேன். பாதிதான் தருவேன்.