ஆறு கால் இயந்திரம் மண் தரையில் கவிழ்கிறது: காரணம் என்ன?

பாளை டீச்சர்:
பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு அறிவியல் கண்காட்சிக்காக ஓர் ஆறு கால் இயந்திரம் செய்கிறோம். காலுக்கு மூன்று வீதம் 18 சர்வோ மோட்டார்கள் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்பவை), அவற்றை இயக்க ஆர்டுயினோ மெகா என்ற சிறு கணினிப் பலகை. ஒரு பக்கத்து முன்காலும் பின்காலும் மறுபக்கத்து நடுக்காலும் ஊன்றியிருக்க, மற்ற மூன்றும் எடுத்து வைக்கும். கரப்பான் பூச்சியின் நடைதான். வகுப்பறை டைல்ஸில் ராஜநடை. முற்றத்தில் இறக்கிவிட்டால், குழியில் கால் போனதும் சாய்கிறது; கல்லில் முட்டினால் கவிழ்கிறது. அடிகளுக்கு இடையிலான நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தாயிற்று. காமிரா வைத்தால்தான் தீருமா? அதற்குப் பணம் இல்லை.

நெல்லைப் பட்டறை:
மோட்டாருக்கு வலு போதாது. உலோகப் பல்சக்கரம் உள்ளதாக மாற்றுங்கள்.

தேரிக்காடு:
வலுவைக் கூட்டினால் இன்னும் வேகமாகக் கவிழும், அவ்வளவுதான். காமிராவும் வேண்டாம் டீச்சர். உங்கள் இயந்திரம் கடிகாரத்தைப் பார்த்து நடக்கிறது. கால் தரையைத் தொட்டதா என்று அதற்குத் தெரியவே தெரியாது.

பூச்சியின் கால் ஓயாமல் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். மூட்டு மடங்கும்போது அங்குள்ள குறுமயிர்கள் அழுந்தும். தொடைக்குள் ஓர் உணர்உறுப்பு மெல்லிய நாணால் கீழ்க்காலோடு கட்டப்பட்டிருக்கும். முழங்கால் எவ்வளவு மடங்கியது, எந்த வேகத்தில் என்று அது சொல்லும். மேல்தோட்டில் நுண்ணிய குமிழ்கள் உண்டு. உடல் எடை ஏறித் தோடு வளையும்போது இவை தூண்டப்படும். பாரம் ஏறியிருக்கும் காலைப் பூச்சி எளிதில் தூக்காது. பாரம் இறங்கினால்தான் அடுத்த எட்டு.

ஊன்ற இடம் கிடைக்காத கால், வெட்டுக்கிளிக்கானாலும் சரி குச்சிப்பூச்சிக்கானாலும் சரி, அப்படியே நிற்காது. காற்றில் துழாவித் தேடும். முன்னே போகும் கால் எதிலாவது இடித்தால் சற்றுப் பின்வாங்கி, உயர்த்தித் தாண்டும். உங்கள் நிரலில் இல்லாதவை இந்த இரண்டும்தான்.

முக்கூடல்:
அண்ணாச்சி, ஓர் ஐயம். 1961இல் டொனால்ட் வில்சன் என்ற ஆய்வாளர் வெட்டுக்கிளியின் சிறகிலிருந்து வரும் செய்திகளைத் துண்டித்த பிறகும், பறக்கும் தாளம் தொடர்ந்ததே? அப்படியானால் தாளம் நரம்பு மையத்திலேயே இருக்கிறது. டீச்சரின் கடிகாரம் சரிதானே?

தேரிக்காடு:
நல்ல கேள்வி. தாளம் உள்ளே பிறக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த வெட்டுக்கிளியின் சிறகடிப்பு மந்தமாகிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேலும் அது காற்று. காற்றில் பள்ளமும் படிக்கட்டும் இல்லை. தலைதெறிக்க ஓடும் கரப்பானுக்கு ஒவ்வோர் அடியிலும் செய்தி வந்து திருத்த நேரம் போதாது. உடலமைப்பின் வசதியாலேயே பெரும்பாலும் சமாளிக்கும். மெதுவாகக் கிளையில் ஏறும் குச்சிப்பூச்சி ஒவ்வோர் அடியையும் உணர்ந்து வைக்கும். உங்கள் இயந்திரம் மெதுவானது. ஆகவே குச்சிப்பூச்சியைப் பின்பற்றுங்கள். ஐரோப்பிய ஆய்வகங்களில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்படும் குச்சிப்பூச்சி இனம் நம் பழனிமலைப் பக்கத்தது. நமக்கு அதில் உரிமை உண்டு!

செய்ய வேண்டியது: ஒவ்வொரு பாதத்திலும் ஒரு மைக்ரோ சுவிட்ச், அதாவது லேசாக அழுந்தினாலே செய்தி தரும் சிறு சுவிட்ச். இறங்கும் கால், சுவிட்ச் அழுந்தும்வரை இறங்கட்டும். ஓர் எல்லைக்குள் தரை கிடைக்காவிட்டால் சற்று முன்னும் பின்னும் தேடட்டும். மூன்று பாதங்களும் ஊன்றியதாகச் செய்தி வரும்வரை மற்ற மூன்றையும் தூக்காதீர்கள். பின்கால் காற்றில் இருக்கும்போது அதே பக்கத்தில் அதற்கு முன்னுள்ள கால் எழக்கூடாது. குச்சிப்பூச்சியிலும் இந்தத் தடை இருக்கிறது.

பாளை டீச்சர்:
சுவிட்ச் வைத்துவிட்டோம். முற்றத்தில் நடக்கிறது, செங்கல் துண்டின் மேலும் ஏறுகிறது! ஆனால் இடது நடுக்கால் மட்டும் மேலே போனால் இறங்குவதில்லை. சல்யூட் அடித்தபடியே நிற்கிறது. பிள்ளைகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மோட்டாரை மாற்றிப் பார்த்தோம், பலனில்லை.

தேரிக்காடு:
நானும் சிரித்துவிட்டேன். கிரஹாம், பாஸ்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 1981இல் குச்சிப்பூச்சியில் இதையே வேண்டுமென்று செய்தார்கள். தொடைக்குள் இருக்கும் அந்த நாணை இடம் மாற்றிவைத்து, முழங்கால் மடங்கினால் நீண்டதாகவும் நீண்டால் மடங்கியதாகவும் செய்தி போகச் செய்தார்கள். கால் மேலே தூக்கியபடி நின்றுவிட்டது. அவர்களும் அதை சல்யூட் என்றே குறித்தார்கள்.

உங்கள் சுவிட்சில் மூன்று முனைகள் இருக்கும். அந்தக் காலில் மட்டும், அழுத்தாதபோது இணைந்திருக்கும் முனையில் கம்பியைப் பற்றவைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். காற்றில் இருக்கும்போதே 'தரை கிடைத்துவிட்டது' என்று செய்தி போகும். கால் பிறகு ஏன் இறங்கும்? கம்பியை அடுத்த முனைக்கு மாற்றுங்கள்.

பாளை டீச்சர்:
அதேதான் அண்ணாச்சி. கம்பியை மாற்றியதும் கால் இறங்கிவிட்டது. இப்போது சுவிட்சுக்குள் மணல் புகுகிறது.

நெல்லைப் பட்டறை:
பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் பாதத்துக்கு உறையாக மாட்டுங்கள் டீச்சர். வழுக்கவும் வழுக்காது.