ஸ்லரிக்குத் தமிழ்: குழம்பு என்றே வைத்தால் என்ன?

> ‘கரைசல்’ போதாதா? ‘குழம்பு’ என்றால் சாப்பாட்டு நினைப்புதான் வரும்.

வணக்கம் நண்பர்களே,

ஸ்லரி என்பது தூள் கரையாமல் கலந்து நிற்கும் நீர். அதற்குக் கரைசல் போதாது. கரைசல் என்றால் கரைந்திருக்க வேண்டும். மேலூர்ப் பக்கம் கிரானைட் அறுக்கும் பட்டறையில் நடப்பது வேறு. வாளின் சூடு தணிய நீர் விழுந்துகொண்டே இருக்கும். கல்தூள் அந்த நீரோடு வெளுப்பாக ஓடித் தொட்டியில் சேரும். ராத்திரி விட்டுவைத்தால் தூள் அடியில் படிந்து, மேலே நீர் தெளிந்துவிடும். அது கரையவே இல்லை, கலங்கி நின்றது, அவ்வளவுதான். இதற்குத்தான் பெயர் தேடுகிறோம்.

குழம்பு என்பது வினையும்கூட. கலங்குவதும் ஒன்றோடொன்று கலப்பதும் அதன் பொருள். அந்த வினைப்பகுதியே மாறாமல் பெயராக நின்று கெட்டியான நீர்மத்தைக் குறிக்கிறது. அடுப்பில் கொதிப்பது அதில் ஒரு வகை. சந்தனத்தை இழைத்தாலும் குழம்புதான். சித்த மருத்துவத்தில் அகத்தியர் குழம்பு என்று ஒரு மருந்தே உண்டு, அதைச் சோற்றில் ஊற்ற யாரும் கேட்பதில்லை. நம்மூர்ப் பரோட்டாக் கடையில் தண்ணியாக ஊற்றினால் அது சால்னா. உருது ‘சாலன்’ வழி வந்தவர் அவர், இந்தப் பஞ்சாயத்தில் சேர மாட்டார்.

சாப்பாட்டுப் பெயர் என்பதே குறை என்றால் கூழ்மத்தை, அதாவது கொலாய்டை, என்ன செய்வது? தாமஸ் கிரஹாம் 1861-இல் கொலாய்டு என்று பெயர் வைத்தபோது பசைக்கான கிரேக்கச் சொல்லை எடுத்துக்கொண்டார். நாம் கூழைப் பிடித்துக்கொண்டோம். எமல்ஷனுக்குப் பாலிலிருந்து பால்மம் வந்தது. பிள்ளைகள் சிரிக்காமல்தான் பரீட்சை எழுதுகிறார்கள்.

உண்மையான சிக்கல் இன்னொன்று. பாறைக்குழம்பு என்பது மாக்மாவுக்கு, அதாவது பூமிக்குள் உருகிக் கிடக்கும் பாறைக்கு, நிலைத்துவிட்ட பெயர். கிரானைட்டே அது பூமிக்கடியில் மெல்ல ஆறி இறுகியதுதான். பட்டறைக் கழிவைக் ‘கல்குழம்பு’ என்று எழுதினால் நிலவியல் படித்தவர் திடுக்கிடுவார். ஆகவே முன்னால் தூளைச் சேர்த்துவிடலாம்: தூள்குழம்பு. கிரானைட் தூள்குழம்பு, நிலக்கரித் தூள்குழம்பு என்று நீட்டிக்கொள்ளவும் வரும். ‘துகட்குழம்பு’ என்று முன்மொழிந்த நண்பர் பொறுத்துக்கொள்ள வேண்டும். இலக்கணம் சரி, ஆனால் பட்டறையில் யார் வாயில் நுழையும்?

சிமெண்டை மட்டும் விட்டுவிடுவோம். கொத்தனார்கள் ‘சிமெண்ட் பால் ஊத்து’ என்கிறார்கள். அதைவிட நல்ல சொல் நம்மால் ஆக்க முடியாது. உழவர்களின் சாணக் கரைசலையும் திருத்தப் போக வேண்டாம், வேதியியல் வாத்தியார்கள் கோபித்தாலும்.

அப்புறம், ஸ்லரி பம்பு மிச்சமிருக்கிறது. ‘தூள்குழம்பு எக்கி’ நீளம். ‘குழம்பு எக்கி’ என்று சுருக்கினால் முதலில் கேட்ட நண்பர் மறுபடியும் சாப்பாட்டுக்கே போய்விடுவார். யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்,
மேலூரிலிருந்து