'டர்ன், டர்ன், டர்ன்': வார்டின் துரோகத்தை நீங்கள் எப்படி எதிர்கொண்டீர்கள்?

'ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்டு' தொடரின் முதல் சீசனை இன்னும் பார்க்காதவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம். கதையின் முக்கிய முடிச்சை அவிழ்க்காமல் இந்த எபிசோடைப் பற்றிப் பேச வழியில்லை.

2014 ஏப்ரல் 8 அன்று அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது, முதல் சீசனின் 17ஆவது எபிசோடு. ஷீல்டு என்ற உளவு அமைப்புக்குள் ஹைட்ரா என்ற எதிரி அமைப்பு பல ஆண்டுகளாக ஊடுருவியிருக்கிறது என்பது வெளியாகும் நாள் அது. ஷீல்டு அணியின் தலைவர் கோல்சனின் பழைய தோழன் ஜான் காரெட்தான் எல்லோரும் தேடிய மறைமுக எதிரி என்று தெரிந்து, அவனுக்கு விலங்கு மாட்டி விமானத்தில் ஏற்றிச் செல்கிறார்கள். கூடவே கோல்சன் அணியின் கிராண்ட் வார்டு. காரெட்டைச் சுடும் வாய்ப்பை உனக்கே தரட்டுமா என்பது போல ஷீல்டின் மூத்த அதிகாரி விக்டோரியா ஹேண்ட் கேட்கிறார். வார்டு எழுகிறான். காவலர்கள் இருவரையும் சுடுகிறான். அடுத்து ஹேண்டைச் சுடுகிறான். காரெட் சிரிக்கிறான்.

அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயமே உறைத்தது. அதுவரை, வார்டிடம் ஏதோ திட்டம் இருக்கிறது, இன்னும் சில நொடிகளில் காரெட் பக்கம் துப்பாக்கி திரும்பும் என்றே காத்திருந்தேன். திரும்பவில்லை. எபிசோடு முடிந்த பிறகும் நாற்காலியை விட்டு எழவில்லை. பழைய எபிசோடுகளை ஒவ்வொன்றாக மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். நோய்த்தொற்று அணியினருக்குப் பரவிவிடக் கூடாது என்று அணியின் விஞ்ஞானி சிம்மன்ஸ் விமானத்திலிருந்து குதித்தபோது, பின்னாலேயே மருந்தோடு பாய்ந்து அவளைக் காப்பாற்றியவன் இவன்தானே? அணிக்குப் புதிதாக வந்த ஸ்கைக்குப் பொறுமையாகப் பயிற்சி கொடுத்தவன் இவன்தானே?

இந்தத் தொடரின் தொடக்க எபிசோடுகள் மந்தமானவை என்ற குறை 2013 செப்டம்பரில் தொடர் தொடங்கியதிலிருந்தே உண்டு. வாரம் ஒரு வழக்கு, வாரம் ஒரு விசித்திரப் பொருள். அந்த மந்தம் இல்லாமல் இந்தத் துரோகம் இவ்வளவு வலித்திருக்காது என்பது என் உறுதியான கருத்து. ஒருவனோடு மாதக்கணக்கில் சாதாரணமாகப் பழகினால்தான் அவன் முதுகில் குத்தும்போது வலிக்கும். ஆறு எபிசோடுகளில் கதையை முடித்திருந்தால் 'திருப்பம் நன்றாக இருக்கிறது' என்று பாராட்டிவிட்டுப் போயிருப்போம்.

உங்கள் அனுபவம் என்ன? எப்போது பார்த்தீர்கள், எந்தக் காட்சி உங்களைத் தாக்கியது, வார்டை மன்னித்தீர்களா? விரிவாக எழுதுங்கள்.

* * *

நான் 'கேப்டன் அமெரிக்கா: தி வின்டர் சோல்ஜர்' படத்தைப் பார்த்த கையோடு இந்த எபிசோடைப் பார்த்தேன். படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது ஏப்ரல் 4. எபிசோடு ஏப்ரல் 8. நான்கே நாள் இடைவெளி. ஷீல்டு கவிழ்வதைப் படமே காட்டிவிடுகிறது, ஆகவே அது எனக்கு முன்பே தெரியும். தெரியாதது ஒன்றுதான்: கோல்சனின் விமானத்தில் இருப்பவர்களில் யார் ஹைட்ரா?

என் சந்தேகம் முழுவதும் அணியின் விமானி மெலிண்டா மே மீதுதான் இருந்தது. முந்தைய எபிசோடிலேயே அவள் ரகசியத் தொடர்பு வைத்திருப்பதை அணியின் தொழில்நுட்ப வல்லுநன் ஃபிட்ஸ் கண்டுபிடித்துவிட்டான். அவள் கோல்சன் மீதே துப்பாக்கியை நீட்டினாள். இதைவிடத் தெளிவாக ஒரு கதை விரலை நீட்ட முடியுமா? இன்னொரு பக்கம் கோல்சன் ஹேண்டைச் சந்தேகிக்கிறார், ஹேண்ட் கோல்சனைச் சந்தேகிக்கிறார். இருவரும் நேர்மையானவர்கள். மேயின் ரகசியமும் ஷீல்டின் தலைவர் நிக் ஃபியூரிக்காகக் கோல்சனைக் கண்காணித்தது என்றுதான் முடிகிறது. எல்லாச் சந்தேகமும் தீர்ந்து மூச்சு விட்ட நேரம் பார்த்துத்தான் வார்டு சுட்டான். சந்தேகத்தை வெறுமனே கிளப்பிவிடாமல், அதைத் தீர்த்தும் வைத்துவிட்டு அடித்தார்கள். அந்த ஒழுங்கை இன்றும் வியக்கிறேன்.

* * *

நான் தொடர் முடிந்த பிறகு, அதாவது 2020 ஆகஸ்டில் ஏழாவது சீசனின் கடைசி எபிசோடு வந்த பிறகுதான் தொடங்கினேன். வார்டு கெட்டவன் என்று எங்கோ படித்துவிட்டேன். அதனால் அதிர்ச்சி எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் முதல் முறை பார்ப்பவர்களுக்குக் கிடைக்காத வேறொன்று எனக்குக் கிடைத்தது.

16ஆவது எபிசோடின் இறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியில் அசையாமல் இருக்கும் தாமஸ் நாஷ்தான் கிளேர்வாயண்ட், அதாவது தாங்கள் தேடும் மறைமுக எதிரி என்று அணி நம்புகிறது. கணினிக் குரல் ஸ்கையின் உயிரைப் பற்றிப் பேசுகிறது. வார்டு சட்டென்று அவனைச் சுட்டுவிடுகிறான். உண்மை தெரியாமல் பார்த்தால் அது காதலின் ஆத்திரம். தெரிந்து பார்த்தால் காரெட்டைக் காப்பாற்ற ஒரு அப்பாவியின் வாயை நிரந்தரமாக அடைத்த கொலை. ஒரே நடிப்பு இரண்டு அர்த்தங்களுக்கும் பொருந்துகிறது. வார்டாக நடித்த பிரெட் டால்ட்டனை 'மரக்கட்டை போல நடிக்கிறார்' என்று தொடக்கத்தில் பலர் குறை சொன்னதாகப் படித்திருக்கிறேன். அந்த இறுக்கம் ஒரு முகமூடியின் இறுக்கம் என்று அறிந்து பார்த்தால், சீசன் முழுவதுமே வேறொரு கதையாகிவிடுகிறது.

'ட்ராக்ஸ்' எபிசோடில் ஸ்கை குண்டடிபட்டுக் கிடக்கும்போது வார்டின் முகத்தைக் கவனியுங்கள். அவளைச் சுட வைத்தவன் தன் எஜமானன் என்பதுதான் நிலைமை. அங்கே தெரியும் கலக்கம் நடிப்பா, உண்மையா? உண்மைதான் என்று நான் நினைக்கிறேன். வார்டு என்ற பாத்திரத்தின் நரகமே அதுதான். அவன் அன்பு பொய்யில்லை. அந்த அன்பு அவனை எதையும் செய்யாமல் தடுக்கவும் இல்லை.

* * *

மேலே உள்ளவை எல்லாம் உண்மை. ஆனால் எனக்கு இந்த எபிசோடு என்றால் ஃபிட்ஸ்தான்.

நான் இதைப் பார்த்த காலத்தில் என் தந்தைக்குப் பக்கவாதம் வந்து பேச்சு பாதிக்கப்பட்டிருந்தது. அவருக்கு எல்லாம் புரியும். சொல்ல வேண்டியது கண்ணில் நிற்கும். சொல் மட்டும் வராது. கோப்பையைக் காட்டி 'அந்த... அந்த...' என்று நிறுத்திவிடுவார். நாங்கள் அவசரப்பட்டுச் சொல்லை எடுத்துக் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

வார்டு ஹைட்ரா என்று தெரிந்த பிறகும் நம்ப மறுத்தவன் ஃபிட்ஸ் ஒருவன்தான். ஏதாவது காரணம் இருக்கும், யாரோ கட்டாயப்படுத்தியிருப்பார்கள் என்று பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். 'ராக்டேக்' எபிசோடில் கண்ணாடிக்கு அப்பால் நின்று, உனக்கு எங்கள் மீது அக்கறை இருக்கிறது, எனக்குத் தெரியும் என்று வார்டிடம் கெஞ்சுகிறான். வார்டு பொத்தானை அழுத்திவிடுகிறான். ஃபிட்ஸும் சிம்மன்ஸும் அடைபட்ட பெட்டி கடலில் விழுகிறது. அடியாழத்தில் ஒருவருக்கு மட்டுமே போதுமான பிராணவாயு. ஃபிட்ஸ் அதைச் சிம்மன்ஸுக்குக் கொடுக்கிறான். உயிர் பிழைக்கிறான், மூளை பாதிக்கப்படுகிறது.

2014 செப்டம்பர் 23 அன்று வந்த இரண்டாவது சீசனின் முதல் எபிசோடைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஃபிட்ஸ் சொற்களைத் தேடித் தடுமாறுகிறான். சிம்மன்ஸ் பக்கத்தில் நின்று பொறுமையாக எடுத்துக் கொடுக்கிறாள். கடைசியில்தான் புரிகிறது, அவள் அங்கே இல்லை. அவள் போய்விட்டாள். அவன் தனியாக நின்று பேசிக்கொண்டிருக்கிறான். அந்த இடத்தில் தொடரை நிறுத்திவிட்டேன். என் தந்தை தூங்கும் அறைக்குப் போய் அவர் அருகில் உட்கார்ந்திருந்தேன். மீதியைப் பார்க்க எனக்குச் சில வாரங்கள் தேவைப்பட்டன.

ஒரு அதிரடித் தொடர் இந்தக் காயத்தை அடுத்த எபிசோடிலேயே மாயமாக ஆற்றியிருக்கலாம். விண்வெளி மருந்தெல்லாம் இருக்கும் உலகம் அது. ஆனால் செய்யவில்லை. ஃபிட்ஸின் தடுமாற்றமும் நடுங்கும் கையும் அந்த சீசன் நெடுக இருந்தன. மேக் என்ற பொறியாளர் அவனிடம் இரக்கம் காட்டாமல், அவன் சொல்ல வருவதை மட்டும் கவனித்துக் கேட்கும் காட்சிகளிலிருந்து நான் ஒன்றை எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு என் தந்தைக்குச் சொல் எடுத்துக் கொடுப்பதை நிறுத்தினேன். காத்திருந்தேன். அவர் தன் சொல்லைத் தானே பிடித்த நாட்களில் அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

அதே சீசனின் மூன்றாவது எபிசோடில் ஃபிட்ஸ், அடித்தளச் சிறையில் இருக்கும் வார்டின் அறையில் பிராணவாயுவைக் குறைக்கிறான், தான் பட்டது என்னவென்று அவனுக்குக் காட்டுவதற்காக. அது பழிவாங்கல் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். சொற்கள் வராத ஒருவன் தன் வலியைச் சொல்லக் கண்ட வழி என்றே நான் அதைப் பார்த்தேன்.

மன்னித்தீர்களா என்று கேட்டீர்கள். இல்லை.

* * *

உங்கள் பதிவைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. உங்கள் தந்தை நலமாக இருக்க வேண்டும்.

நான் வார்டுக்காகக் கொஞ்சம் வாதாட வந்தேன். அவனுடைய சிறுவயதை மறந்துவிட வேண்டாம். கிணற்றில் தத்தளிக்கும் தம்பியைக் காப்பாற்ற விடாமல் அண்ணனால் மிரட்டப்பட்ட சிறுவன். பிறகு காரெட் அவனை ஒரு நாயோடு காட்டில் விட்டுவிட்டுப் போகிறான். வளர்த்த நாயையே கொல்லச் சொல்கிறான். பற்று என்பது பலவீனம் என்ற பாடத்தை அப்படித்தான் அவனுக்குள் ஏற்றினான். ஹைட்ராவின் கொள்கை எதுவும் வார்டுக்குப் பொருட்டில்லை. தன்னைத் தேடி வந்த ஒரே மனிதனுக்கு அவன் பட்ட கடனைத்தான் அடைத்துக்கொண்டிருந்தான்.

இது மன்னிப்பு ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காரணம் தெரிந்த பிறகு அவனை வெறும் வில்லன் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

* * *

வார்டின் பரிதாபக் கதையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஸ்கை காணாமல் போய்விடுகிறாள். அதனால் எழுதுகிறேன்.

துரோகம் நமக்குத் தெரிந்துவிட்டது, ஸ்கைக்குத் தெரியாது. இரண்டு எபிசோடுகளுக்கு அந்த வேதனையை நம்மைச் சுமக்க வைத்தார்கள். ரகசியத் தளத்தின் பொறுப்பாளர் எரிக் கோனிக் பொய் கண்டறியும் கருவியில் வார்டைச் சோதிக்கும்போது, இங்கே ஏன் வந்தாய் என்ற கேள்விக்கு அவன் சொல்லும் பதில் 'ஸ்கை'. அது உண்மையும்கூட. அந்த உண்மையை வைத்துத்தான் பொய்யை மறைத்துக்கொண்டான். இதைவிட அருவருப்பான காதல் வாக்குமூலத்தை நான் பார்த்ததில்லை.

பிறகு கோனிக்கின் உடலை ஸ்கை கண்டுபிடிக்கிறாள். அழுகிறாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, எதுவும் தெரியாதவள் போல வார்டோடு கிளம்புகிறாள். கொலைகாரன் அருகில் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். வார்டு அவளுக்கு உளவு வேலையைக் கற்றுக்கொடுத்தான். அவள் அதை அவன் மீதே பயன்படுத்தினாள். நான் முதன்முறை பார்த்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டது இந்தக் காட்சிக்குத்தான், விமானக் காட்சிக்கு இல்லை. ஸ்கையாக நடித்த குளோயி பென்னட், பின்னாளில் அதே பாத்திரம் டெய்ஸி ஜான்சனானபோது பூமியையே அதிர வைத்தார். எனக்கு அவர் நாயகியானது அந்தப் பயணத்தில்தான்.

சிறுவயதுத் துன்பத்தைச் சொன்ன நண்பருக்கு: ஸ்கையும் அனாதை விடுதியில் வளர்ந்தவள். வீடு வீடாகத் திருப்பி அனுப்பப்பட்டவள். அவள் யாரையும் விற்கவில்லை.

* * *

வளர்ப்புதான் ஒருவனை உருவாக்குகிறதா என்ற இந்தக் கேள்விக்குத் தொடரே நான்காவது சீசனில் பதில் தேடியது என்று நினைக்கிறேன். ஃபிரேம்வொர்க் என்ற மாய உலகில் வாழ்க்கையின் ஒரே ஒரு வருத்தம் மாற்றப்படுகிறது. அங்கே வார்டு ஹைட்ராவுக்குள் இருந்துகொண்டு எதிர்ப்பாளர்களுக்கு உதவும் நல்லவன். ஃபிட்ஸோ, நிராயுதபாணியான ஆக்னஸ் என்ற பெண்ணைச் சிம்மன்ஸ் கண்ணெதிரே சுட்டுக் கொல்லும் கொடியவன். 2017 ஏப்ரலில் அதைப் பார்த்தபோது என் கை நடுங்கியது. யாரை நம்பினோமோ அவனும், யாரை வெறுத்தோமோ அவனும் இடம் மாறி நின்றார்கள். வளர்ப்பு முக்கியம் என்பதற்கு அது சான்றா, அல்லது ஸ்கை கண்ணெதிரே இருக்கும்போது அந்த வாதம் நிற்குமா என்பதை நான் இன்னும் முடிவுசெய்யவில்லை.

* * *

நான் இப்போதுதான் தொடரைத் தொடங்கியிருக்கிறேன். எச்சரிக்கையை மீறி எல்லாவற்றையும் படித்துவிட்டேன், வருத்தமில்லை. ஒரே ஒரு கேள்வி: முதல் சீசனில் நேராக 16ஆவது எபிசோடுக்குப் போய்விடலாமா? ஐந்து எபிசோடுகள் பார்த்தேன், இழுவையாக இருக்கிறது.

* * *

திரியைத் தொடங்கியவன் என்ற முறையில் நானே பதில் சொல்கிறேன். தயவுசெய்து தாண்டாதீர்கள். நீங்கள் நிற்கும் இடத்துக்கு அடுத்ததுதான் ஆறாவது எபிசோடு, சிம்மன்ஸ் குதிக்கும் எபிசோடு. எட்டாவதில் கிணறு. பதின்மூன்றாவதில் ஸ்கை சுடப்படுகிறாள். முடிச்சு உங்களுக்குத் தெரிந்துவிட்டதால், மேலே நண்பர் சொன்னதுபோல வார்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். இழுவை என்று தோன்றிய காட்சிகளிலும் பார்க்க நிறைய இருக்கும். வேண்டுமானால் வாரத்துக்கு இரண்டு பாருங்கள், அவசரமில்லை. 17ஐ முடித்ததும் இங்கே வந்து எழுதுங்கள். தெரிந்தே பார்த்த பிறகும் அந்த விமானக் காட்சி உங்களை என்ன செய்தது என்று அறிய நாங்கள் எல்லோரும் ஆவலாக இருக்கிறோம்.