பேசாத பிள்ளைக்குப் பார்வையை எப்படி அளந்தார்கள்? அனுபவங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து:

மகளுக்கு ஆறு மாதம் ஆகியும் இடது கண் மூக்குப் பக்கமே போனது. "மாறுகண் யோகம்லா, விடுட்டி" என்றார் ஆச்சி. மூன்று, நான்கு மாதம் வரை கண் அவ்வப்போது விலகுவது சகஜம்தானாம். அதற்கு அப்புறமும் நின்றால் காட்டியே ஆக வேண்டும்.

'அ', 'ஆ' தெரியாத பிள்ளையிடம் எந்த எழுத்தைக் காட்டுவார்கள் என்று யோசித்துக்கொண்டே கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எழுத்தே இல்லை. என் மடியில் பிள்ளை. எதிரே ஒரு பெண் நீளமான சாம்பல்நிற அட்டையால் தன் முகத்தை மறைத்துக்கொண்டார். அட்டையில் ஒரு பக்கம் கறுப்பு வெள்ளைக் கோடுகள், மறுபக்கம் வெறும் சாம்பல். நடுவில் மிளகளவு ஓட்டை. கோடு எந்தப் பக்கம் என்று அவர் முன்கூட்டியே பார்த்துக்கொள்வதில்லை. ஓட்டை வழியே பிள்ளையின் கண் திரும்பும் திசையைப் பார்த்துத்தான் சொல்கிறார்.

வெறுமையை விட்டுவிட்டுக் கோலத்தைத்தான் கைக்குழந்தை பார்க்கும் என்று 1950களில் ராபர்ட் ஃபான்ட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் கண்டுபிடித்தார். அதை வைத்து டேவிடா டெல்லர் என்ற பார்வை ஆய்வாளர் செய்த அட்டை இது. அட்டைக்கு அட்டை கோடு பொடிசாகும். கோடுகள் கலந்து சாம்பலாகத் தெரியும் இடத்தில் பிள்ளை ஃபேனையும் என் தாலியையும் பார்க்க ஆரம்பித்துவிடும். அதுதான் அதன் எல்லை.

அட்டை காட்டிய பெண் தோராயக் கணக்கு ஒன்று சொன்னார்: ஒரு பாகைக்குள் (கையை நீட்டிப் பிடித்தால் தெரியும் சுண்டுவிரல் அகலம்) எத்தனை கறுப்பு வெள்ளைக் கோட்டு ஜோடி தெரிகிறதோ, ஏறக்குறைய அத்தனை மாதம் வயது. நல்ல பார்வையுள்ள பெரியவர்களுக்கு 30 தெரியும்.

இரண்டு கண்ணும் திறந்திருந்தபோது இவள் ஒழுங்காகத்தான் பார்த்தாள். இடது கண்ணை மூடினார்கள், பேசாமல் இருந்தாள். வலது கண்ணை மூடியதும் ஒரே அலறல், ஒட்டியதைப் பிய்த்து எறியப் பார்த்தாள். இடது கண் மந்தம் என்பது அப்போதுதான் பிடிபட்டது. இப்போது கண்ணாடி போட்டிருக்கிறாள். இடது கண் வேலை செய்யட்டும் என்று தினமும் கொஞ்ச நேரம் வலது கண்ணை ஒட்டுப்போட்டு மூடுகிறோம்.

போகிறவர்கள் பால் கொடுத்து, தூங்க வைத்து எழுப்பிக் கூட்டிப் போங்கள். பசித்த பிள்ளைக்குக் கோடாவது ஒன்றாவது!

கல்லிடைக்குறிச்சியிலிருந்து:

எங்களுக்கு இந்த அட்டையெல்லாம் பின்னால்தான். மகன் குறைமாதம். அப்படிப் பிறந்த பிள்ளைக்குக் கண்ணின் உள்ளே விழித்திரையில் கோளாறு வரலாம். 34 வாரத்துக்கு முன்னாலோ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்தால், 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். சொட்டு மருந்து விட்டு, இமையை விரித்துப் பார்ப்பார்கள். நான் வெளியே வந்துவிட்டேன், என் மாமியார்தான் பக்கத்தில் நின்றார். ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லாவிட்டாலும் நீங்களே கேளுங்கள்.

பத்தமடையிலிருந்து:

நான் வயதின் மறுமுனையைச் சொல்கிறேன். எங்கள் உம்மா பட்டுப்பாய் நெய்தவர். நாற்பது தாண்டியதும், கீறிய கோரை இழையைக் கையெட்டும் தூரத்தில் நீட்டிப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தார். வெள்ளெழுத்து. பத்து வயதில் 7 சென்டிமீட்டர் கிட்டத்தில் இருப்பதைக்கூடக் கண் கூர்ந்து பார்த்துவிடும். வயது ஏற ஏற விழிக்குள் இருக்கும் லென்ஸ் இறுகி, நாற்பதுகளில் அந்தத் தூரம் 25 சென்டிமீட்டரைத் தாண்டிவிடுகிறது. "கண்ணாடி போட்டா கண்ணு இன்னும் கெட்டுப் போவும்"னு உம்மா ரொம்ப நாள் போடவில்லை. போட்டாலும் போடாவிட்டாலும் லென்ஸ் இறுகத்தான் செய்யும். அத்தனை நாளும் தலைவலிதான் மிச்சம்.