ஹெட்டரோஸ்கெடாஸ்டிசிட்டி: 'சமனிலாச் சிதறல்' ஓகேவா?

> "பலபடித்தான விலக்கவர்க்கச் சராசரியுடைமை"

அண்ணா, ஹெட்டரோஸ்கெடாஸ்டிசிட்டிக்கு (புள்ளிங்க கோட்ட சுத்தி எல்லா எடத்துலயும் ஒரே அளவா சிதறாம இருக்கறது) நீங்க சொன்ன இந்த தமிழ்ப் பேர்ல அர்த்தம் தப்பில்ல, ஆனா வைவால பிஎச்டி புள்ளைங்க இத சொல்லி முடிக்கறதுக்குள்ள எக்ஸாமினர் டீ குடிச்சு கெளம்பிருவாரு.

ஊட்டில ரிக்ரஷன் (புள்ளிங்களுக்கு நடுவுல பொருத்தமான கோடு போடறது) கிளாஸ்ல நான் இத பஸ்ஸ வெச்சுத்தான் சொல்லித்தருவேன். இங்க ஏறி லவ்டேல் ஜங்ஷன்ல எறங்கறவங்களுக்கு என்னிக்கும் நேரம் ஒண்ணுதான், ரெண்டு மூணு நிமிஷம் முன்னபின்ன. அதே பஸ்ல மேட்டுப்பாளையம் போறவங்க பாடு வேற, சீசன் கூட்டம், பர்லியார்கிட்ட மரம் சாஞ்சு கெடக்கும், கல்லார்ல யானை நிக்கும், எப்ப போய் சேருவாங்கன்னு கண்டக்டருக்கே தெரியாது. தூரத்துக்கு எதிரா நேரத்த புள்ளி வெச்சா கோடு ஒழுங்காத்தான் வரும், தூரம் கூடக்கூட புள்ளிங்கதான் கோட்ட விட்டு தெறிச்சு ஓடும். கெழு, அதாவது கோட்டோட சரிவு, ஒரு பக்கமா சாயாது, ஆனா அது எவ்வளவு முன்னபின்ன இருக்கலாம்னு சாதா ஃபார்முலா தர்ற திட்டப் பிழை (ஸ்டாண்டர்ட் எரர்) பொய் சொல்லும், அத நம்பி பி-வேல்யூ (முடிவு தற்செயலா வந்திருக்குமான்னு பாக்கற எண்) எழுதினா போச்சு. எகனோமெட்ரிக்ஸ்காரர் ஒயிட் 1980ல திட்டப் பிழைக்கு திருத்தம் சொன்னது இதுக்குத்தான்.

புள்ளியியல்காரர் கார்ல் பியர்சன் 1905ல இந்த வார்த்தைக்கு எடுத்த கிரேக்க வேருக்கே 'சிதறடி'ன்னுதான் அர்த்தம், அதனால சிதறல் இருக்கட்டும். 'பரவல்' வேணாம், பிளஸ் டூலயே ஈருறுப்புப் பரவல்னு டிஸ்ட்ரிபியூஷனுக்கு அந்த எடம் ரிசர்வ் ஆயிருச்சு. போன வாரம் வந்த 'விசிறிச் சிதறல்' கேக்க அழகுதான், ஆனா நடுவுல ஒடுங்கி ரெண்டு ஓரமும் விரியற கேசும் உண்டே. என் ஓட்டு 'சமனிலாச் சிதறல்', எதிர்ப்பதம் 'சமச்சிதறல்'.

(ரெசிடுவலுக்கு, அதாவது புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்துக்கு, 'எச்சம்' மட்டும் வேணாம்ணா, காக்கா எச்சமான்னு கிளாஸே சிரிக்குது.)

---

> என் ஓட்டு 'சமனிலாச் சிதறல்'

பஸ் உதாரணம் ஜோர்மா. ஆனா 'சமனிலா'ன்னு வேகமா சொல்லிப்பாரு, காதுல 'சமநிலை'ன்னு விழும், எகனாமிக்ஸ்காரங்களுக்கு அது ஈக்விலிப்ரியம், நேர் எதிரா போயிரும். 'மாறுசிதறல்'னு வெச்சுக்கலாமே? சிதறல் காலத்துக்கு ஏத்த மாதிரி மாறறத கணக்குல எடுக்கற, எங்கிள் 1982ல கொண்டுவந்த ஆர்ச் (ARCH) மாடலுக்கும் ஒட்டுது பாரு, 'நிபந்தனை மாறுசிதறல்'. இங்கிலீஷ் ஸ்பெல்லிங்ல சி-யா கே-யான்னு 1985ல மெக்கல்லக்ங்கறவரு எகனோமெட்ரிகா ஜர்னல்ல குறிப்பு எழுதின வார்த்தை இது, நாம ஒரு வாரம் அடிச்சுக்கறது பெருசில்ல.

எச்சத்துக்கு 'மிச்சம்'னு போடு.

---

மாறுசிதறல் சரிண்ணா, கோத்தகிரில இருந்து வர்ற புள்ளைங்ககிட்ட நாளைக்கே சொல்லிப் பாக்கறேன். சிதறல் மாறினாலும் நம்பலாம்ங்கற ஒயிட்டோட ரோபஸ்ட் ஸ்டாண்டர்ட் எரருக்கு 'தாக்குப்பிடிக்கும் திட்டப் பிழை'ன்னு எழுதி வெச்சிருக்கேன், சிரிக்காம வேற இருந்தா சொல்லுங்க.