இ பை எம் மதிப்பு நாலில் ஒரு பங்குதான் வருகிறது, எங்கே தப்பு?

காட்பாடி மாணவி:
வணக்கம். வேலூரில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எலக்ட்ரானின் மின்னூட்ட-நிறை விகிதம் (அதுதான் இ பை எம், e/m) காணும் பிராக்டிகலில் மூன்று வாரமாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கண்ணாடிக் குமிழுக்குள் எலக்ட்ரான் கற்றை ஒளி வளையமாகச் சுற்றுமே, அந்தக் கருவிதான். 200 வோல்ட், காந்தப்புலம் தரும் காயிலில் (கம்பிச்சுருளில்) 1.4 ஆம்பியர், 130 சுற்று, காயிலின் ஆரம் 15 செ.மீ. வளையத்தை அளந்தால் 9.1 செ.மீ. கணக்குப் போட்டால் 0.41 × 10¹¹ கூலூம்/கி.கி. வருகிறது. புத்தகத்தில் 1.76 × 10¹¹.

இன்னொரு சந்தேகம். எலக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் மின்னூட்ட அளவு ஒன்றே, நிறை மட்டும் 1836 மடங்கு வித்தியாசம். மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் நடுவே சூத்திரம் ஏதாவது உண்டா? வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பார்களாம்.

ராணிப்பேட்டை ஃபிட்டர்:
9.1 என்பது வளையத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்குமா? அப்படியானால் அது விட்டம், தங்கச்சி. சூத்திரத்தில் ஆரத்தின் வர்க்கம் கீழே இருக்கிறது. இரண்டு மடங்கு போட்டால் விடை நாலில் ஒரு பங்காகத்தானே குறையும்?

காட்பாடி மாணவி:
ஐயோ, ஆமாம் அண்ணா! 4.55 போட்டேன், 1.62 வருகிறது. ஆனால் இன்னும் குறைவுதான். எத்தனை முறை ரீடிங் எடுத்தாலும் அதே பக்கம்தான் சாய்கிறது.

குடியாத்தம் குமாரு:
சூத்திரத்துக்கு நான் சொல்கிறேன். நிறை கூடினால் மின்னூட்டமும் கூடும். யுரேனியம் அணுக்கருவில் 92 புரோட்டான், நிறையும் அதிகம், சரியா?

ஆற்காடு வாத்தியார்:
இல்லை தம்பி. 92 மூட்டையை அடுக்கினால் பாரம் ஏறத்தான் செய்யும், அது எண்ணிக்கை. தனித்துகளுக்கு அந்தக் கணக்கு ஓடாது. நியூட்ரானுக்கு மின்னூட்டமே கிடையாது, ஆனால் புரோட்டானைவிட ஒரு சொட்டு கனம் (1.6749-க்கு 1.6726, இரண்டும் × 10⁻²⁷ கி.கி.). மியூவான் என்கிற துகளுக்கு எலக்ட்ரானின் மின்னூட்டமேதான், நிறையோ 207 மடங்கு. வானத்திலிருந்து ஓயாமல் கொட்டுகிற சாமான் அது. நமக்குப் பக்கத்துக் கோலார் தங்கவயலில் நியூட்ரினோ என்கிற மின்னூட்டமில்லாத துகளைத் தேட அவ்வளவு ஆழத்துக்கு இறங்கினார்களே (1965-ல் அகப்பட்டது), மேலே இருக்கும் பாறை இந்த மியூவான்களை வடிகட்டும் என்றுதான்.

பஸ்ஸை நினைத்துக்கொள் மா. ஆற்காட்டிலிருந்து வேலூருக்கு ஐம்பது கிலோ ஆளுக்கும் நூறு கிலோ ஆளுக்கும் ஒரே டிக்கெட். மின்னூட்டம் அந்த டிக்கெட் மாதிரி, முழு அளவில்தான் கிழிப்பார்கள். நிறைக்கு அப்படி அளவுப்படி எதுவும் இல்லை. புரோட்டான், நியூட்ரானுக்குள் இருக்கும் குவார்க்கிடம் மூன்றில் ஒரு பங்கு, இரண்டு பங்கு டிக்கெட் உண்டு, ஆனால் அது தனியாகப் பயணம் பண்ணாது.

சம்பந்தமே இல்லை என்றும் சொல்லிவிடாதே. மின்புலத்தின் ஆற்றலும் நிறையில் சேரும். பையான் என்கிற துகள்களில் மின்னூட்டம் உள்ளதன் நிறை 139.6, இல்லாததன் நிறை 135.0 மெகா எலக்ட்ரான் வோல்ட் (துகள் நிறையைச் சொல்லும் அலகு). அந்த வித்தியாசம் பெரும்பாலும் அதனால்தான். அதே கணக்கில் புரோட்டான்தான் நியூட்ரானைவிடக் கனமாக இருக்க வேண்டும். நியூட்ரானில் கூடுதலாக இருக்கும் டவுன் வகைக் குவார்க், அப் வகைக் குவார்க்கைவிடக் கனம் என்பதால் தராசு மறுபக்கம் சாய்கிறது. மின்னூட்டம் உண்டு, நிறை இல்லை என்கிற துகள் இதுவரை ஒன்றுகூட அகப்படவில்லை.

உன் கருவி தருவதும் விகிதத்தை மட்டும்தான். 1897-ல் எலக்ட்ரானைக் கண்டுபிடித்த தாம்சனுக்கும் அதே நிலைமை. விகிதம் பெரிதாக வந்தது மின்னூட்டம் பெரிது என்பதாலா, நிறை சிறிது என்பதாலா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இயற்பியலாளர் மில்லிகன் 1909 முதல் எண்ணெய்த் துளியை வைத்து மின்னூட்டத்தைத் தனியே அளந்தார், அப்புறம் நிறை வகுத்தாலே வந்துவிடுகிறது. வைவாவில் இதைச் சொல்.

ராணிப்பேட்டை ஃபிட்டர்:
சார் பாடத்தில் இறங்கிவிட்டார், 1.62 அப்படியே நிற்கிறது. காயில் அச்சு வடக்கு-தெற்காகவா இருக்கிறது? நம் பக்கத்தில் பூமியின் காந்தப்புலம் ஏறக்குறையக் கிடையாகவே ஓடும், சுமார் 0.04 மில்லிடெஸ்லா. உன் காயில் தருவது 1.09. எதிர்ப்பக்கமாக இருந்தால் புலம் நாலு சதவீதம் குறையும், விடையில் ஏழெட்டு சதவீதம் போய்விடும். மேசையோடு கிழக்கு-மேற்காகத் திருப்பிப் பார். இரும்பு ஸ்டூலைத் தள்ளி வை.

காட்பாடி மாணவி:
இன்று திருப்பி வைத்தேன். வளையம் 8.8 செ.மீ.யாகச் சுருங்கியது, ஆரம் 4.4, விடை 1.74! ரெக்கார்டில் கையெழுத்தும் வாங்கியாயிற்று. ரொம்ப நன்றி அண்ணா, ஐயா. பக்கத்து மேசைக்காரர்கள் இன்னும் விட்டத்தைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், இந்த இழையை அனுப்பியிருக்கிறேன்.