மறு: மறு: ‘பிரெயின் ஃபாக்’: சொல்லுக்குள் மூளை வேண்டுமா?

அன்பின் நண்பர்களுக்கு,

கொரோனா தணிந்த பின்னும் கவனமும் நினைவும் மங்கிக் கிடப்பதை ஆங்கிலத்தில் ‘பிரெயின் ஃபாக்’ (brain fog) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழை மூன்று நாளில் இருபது மடலைத் தாண்டிவிட்டது. நோயாளிகளுக்கான கையேடு அச்சுக்குப் போக வேண்டும், எதையாவது ஒன்றை முடிவு செய்யுங்கள் என்று மருத்துவர் ஐயா நேற்று எழுதியிருந்தார். மொழிபெயர்க்கிறவன் நான் என்பதால் என் தரப்பைச் சொல்லிவிடுகிறேன். அடிக்க வேண்டியவர்கள் அடிக்கலாம்.

> மூளை மூடுபனி. ஆங்கிலத்துக்கு நேர். இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

நேராக இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ‘பனி’ என்றால் நமக்குக் குளிர், பனித்துளி, பனிக்கட்டி எல்லாம் சேர்ந்தே நினைவுக்கு வரும். ‘மூளைப் பனி’ என்று யாராவது சுருக்கிவிட்டால் மண்டைக்குள் ஐஸ் வைத்ததுபோல ஆகிவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ‘மூளை’ என்று தொடங்கும் நம் கூட்டுச்சொற்களைப் பாருங்கள்: மூளைச்சாவு, மூளைக்காய்ச்சல், மூளைக்கட்டி. காய்ச்சல் தணிந்து வீட்டுக்கு வந்தபின் எடுத்த வேலையில் கவனம் நிற்காமல் தவிப்பவரிடம் இந்த வரிசையில் இன்னொன்றை நீட்டினால், பாதிப் பக்கம் படிப்பதற்குள் பயந்துவிடுவார்.

பயம் போகட்டும், அந்தச் சொல் உண்மையா என்பதுதான் பெரிய கேள்வி. நரம்பு மண்டலத்தில் கொரோனா என்ன செய்கிறது என்பதற்கு ஒற்றை விடை கிடையாது. முகர்வு போவதையே எடுத்துக்கொள்வோம். நுண்மி (வைரஸ்) மூக்கின் நரம்பு வழியே ஏறி மூளைக்குப் போவதாலேயே வாசனை போகிறது என்று தொடக்கத்தில் பலரும் நினைத்தார்கள். ஆனால் நுண்மி உயிரணுவில் பற்றிக்கொள்ளும் ஏஸ்2 (ACE2) எனும் ஏற்பி முகர்வு நரம்பணுக்களில் அல்ல, அவற்றைச் சுற்றி நின்று தாங்கும் உயிரணுக்களில்தான் பெரும்பாலும் இருக்கிறது என்று 2020-லேயே தெரிந்தது. தாங்குகிற அணு சாய்ந்தால் நரம்பணுவின் வேலையும் கெடுகிறது. ‘நரம்புத் தொற்று’ என்று அன்றைக்கே ஒரு சொல்லை அவசரமாக அடித்திருந்தால் இன்று அதைத் திருத்திக்கொண்டிருப்போம்.

சிந்தனை மங்குவதும் இதே மாதிரிதான். நுரையீரலோடு நின்றுவிட்ட லேசான தொற்றில்கூட எலிகளின் மூளையில் மைக்ரோகிளியா எனும் காவல் அணுக்கள் கிளர்ந்தெழுந்ததை 2022-இல் காட்டினார்கள். நுண்மி மூளைக்குள் வரவே இல்லை, தூரத்தில் நடந்த சண்டையின் புகை மட்டும் வந்து சேர்ந்தது. இரத்தத்திலிருந்து மூளைக்குள் எது போகலாம், எது போகக் கூடாது என்று காக்கும் தடுப்பு கசிவதாக, தொற்று தணிந்தும் அறிகுறிகள் நீடிக்கும் நீள்கோவிட் (லாங் கோவிட்) நோயாளிகளில் இந்த மங்கல் உள்ளவர்களிடம் டப்ளின் ஆய்வாளர்கள் 2024-இல் கண்டார்கள். நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் குறைவது, நுண்ணிய இரத்தக்கட்டு, உடலின் எதிர்ப்பாற்றல் தன்னையே தாக்கும் தன்னெதிர்ப்பு என்று வேறு வழிகளும் பேசப்படுகின்றன. காரணம் ஆளுக்கு ஆள் வேறாகவும் இருக்கலாம். நோயாளி உணர்வது ஒன்று, உள்ளே நடப்பது பல. கலைச்சொல் அவர் உணர்வதற்குப் பெயராக இருந்தால் போதும்.

> அப்படியானால் மதிமூட்டம்?

இதில் ‘மூட்டம்’ எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. முன்மொழிந்த அக்காவுக்கு நன்றி. ‘மதி’தான் இடறுகிறது. ஆட்டிசத்துக்கு ‘மதியிறுக்கம்’ என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறது. இரண்டும் ஒரே குடும்பம் என்று படிப்பவர் எண்ணிவிடுவார். மதிமயக்கம், மதிகேடு என்று பழைய சொந்தங்களும் வசைக்குப் பக்கத்திலேயே குடியிருக்கின்றன. நிலவை மேகம் மறைத்ததைச் சொல்கிறோம் என்று நினைப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் கவிஞர்கள்.

மற்றவற்றைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். ‘மூளைச்சோர்வு’ என்றால் களைப்போடு குழம்பும். களைப்பு இதே நோயில் தனி அறிகுறி. ‘நினைவு மங்கல்’ மறதியை மட்டும் சொல்கிறது. இவர்களுக்கோ கவனம், வேகம், சொல் தேடுவது எல்லாமே இடிக்கிறது. ‘சித்தக் கலக்கம்’ வேண்டவே வேண்டாம். ‘தலை மப்பு’ அருமையான பேச்சு வழக்கு, வானம் மப்பும் மந்தாரமுமாக இருக்கிறது என்பதில் உள்ள அதே மப்பு. ஆனால் இன்று அதைக் கையேட்டில் போட்டால் படிப்பவர் பாட்டிலைத் தேடுவார்.

‘அறிதிறன் குறைபாடு’ என்பதை நான் ஒதுக்கவில்லை. அது மருத்துவர் எழுதும் சீட்டில் இருக்கட்டும். உலக நலவாழ்வு அமைப்பு 2021 அக்டோபரில் நீள்கோவிட்டுக்குத் தந்த வரையறை அப்படித்தான் பேசுகிறது: தொற்று கண்டு பெரும்பாலும் 3 மாதத்துக்குள் தென்பட்டு, குறைந்தது 2 மாதம் நீடித்து, வேறு நோயால் விளக்க முடியாத அறிகுறிகள்; அவற்றில் களைப்பு, மூச்சுத்திணறல், அறிதிறன் குறைபாடு முதன்மையானவை. சோதித்து அளப்பதற்கு அந்தச் சொல். நோயாளி தன் வாயால் சொல்வதற்கு வேறொன்று வேண்டும்.

என் முன்மொழிவு: சிந்தனை மூட்டம்.

மேகமூட்டம், பனிமூட்டம், புகைமூட்டம் எல்லாம் நாம் அறிந்தவை. மூட்டம் போடும், கவியும், கலையும், விலகும். வினைகள் தாமாகவே கூட வருகின்றன. “நேற்றுத் தெளிவாக இருந்தது, இன்றைக்கு மூட்டமாக இருக்கிறது” என்று ஏறி இறங்குவதையும் சொல்லலாம். இந்த அறிகுறி அப்படித்தான் நடந்துகொள்கிறது; கொஞ்சம் அதிகமாக உழைத்துவிட்டால் அடுத்த நாள் கவிந்துவிடும் என்கிறார்கள். மூட்டத்துக்குப் பின்னால் வானம் அப்படியே இருக்கிறது என்ற குறிப்பும் உண்டு, ஆனால் அதை எல்லாருக்கும் வாக்குறுதியாகக் கொடுத்துவிடக் கூடாது. புற்றுநோய்க்கான கீமோ சிகிச்சைக்குப் பின் வரும் மங்கலுக்கும் இதே சொல் பொருந்தும் என்பது கூடுதல் வசதி.

அன்புடன்,
கையேட்டுக்காரன்

---

வணக்கம் தம்பி,

‘மூட்டம்’ சொன்ன அக்கா நான்தான். மதியை விட்டுத்தருகிறேன். மூளையை மட்டும் அவ்வளவு எளிதாக விட மாட்டேன்.

எனக்கு இது எட்டு மாதம் இருந்தது. அடுப்பை அணைத்தேனா என்று மூன்று முறை போய்ப் பார்ப்பேன். பேசிக்கொண்டே இருக்கும்போது ‘சாவி’ என்ற சொல் வராது, கையால் திருகிக் காட்டுவேன். வீட்டில் என்ன சொன்னார்கள் தெரியுமா? “எல்லாம் உன் நினைப்புதான்.” நீங்கள் ‘சிந்தனை’ என்று வைத்தால் அதே பதில் இன்னும் வசதியாக வரும்: சிந்தனையை மாற்றிக்கொள், சரியாகிவிடும். ‘மூளை’ என்ற சொல் இருந்தால்தான் இது உடம்பின் நோய் என்று நம்புவார்கள். ‘லாங் கோவிட்’ என்ற பெயரே நோயாளிகள் தமக்குத் தாமே வைத்துக்கொண்டது அல்லவா? 2020 மே மாதம் எலிசா பெரேகோ என்ற தொல்லியலாளர் தன் நிலையைச் சொல்ல ட்விட்டரில் போட்ட சொல் அது. மருத்துவ உலகம் பின்னால்தான் வந்தது.

---

அக்கா,

இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. இரவெல்லாம் யோசித்தேன்.

நீங்கள் சொல்லும் நம்பிக்கையை எண்களும் தரும். இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேற்பட்டோரைச் சோதித்த ஆய்வு 2024-இல் வந்தது. முழுதும் தேறியவர்களுக்கே, தொற்று வராதவர்களோடு ஒப்பிட்டால் நுண்ணறிவு அளவில் (ஐ.க்யூ.) சுமார் 3 புள்ளிக்கு ஈடான குறைவு. அறிகுறி நீடித்தவர்களுக்கு 6. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களுக்கு 9. பிரிட்டனில் 785 பேரின் மூளையை இரண்டு முறை படம் பிடித்துப் பார்த்ததில், இடையில் தொற்று வந்த 401 பேருக்கு முகர்வோடு தொடர்புடைய பகுதிகளில் 0.2 முதல் 2 விழுக்காடு வரை கூடுதல் சுருக்கமோ திசு மாற்றமோ தெரிந்தது. இவை சராசரிகள், தனி ஒருவர் மேல் ஒட்டும் முத்திரை அல்ல. ஆனால் “உன் நினைப்பு” என்பவர் முன் வைக்கப் போதும்.

ஆகவே இப்படிச் செய்கிறேன். தலைச்சொல் சிந்தனை மூட்டம். அதை ஒட்டி, அதே அளவு எழுத்தில் விளக்கம்: “கொரோனா போன்ற தொற்றுக்குப் பின் மூளையின் வேலை பாதிக்கப்படுவதால் கவனம், நினைவு, சொல் தேடல், சிந்திக்கும் வேகம் ஆகியவை மங்குவது. இது மனப்பிரமை அல்ல, சோம்பலும் அல்ல.” பெயரில் விட்ட மூளையை வரையறையில் வைத்தாயிற்று. சம்மதமா?

---

தம்பி,

அரைச் சம்மதம். “அல்ல, அல்ல” என்று இரண்டு முறை மறுப்பது நாமே சந்தேகத்தைக் கிளப்புவதுபோல இருக்கிறது. கடைசி வரியை எடுத்துவிடுங்கள், முதல் வரியே போதும்.

இன்னொன்று. கையேட்டின் முதல் பக்கத்தில் “உங்களுக்குச் சிந்தனை மூட்டம் உண்டா?” என்று கேட்டு வைக்காதீர்கள். இருக்கிறவருக்கு அந்தப் பெயர் தெரியாது. “பேசும்போது தெரிந்த சொல் நழுவுகிறதா? ஒரு பக்கம் படித்து முடித்ததும் என்ன படித்தோம் என்று திரும்பிப் போகிறீர்களா?” என்று கேளுங்கள். ஆமாம் என்று சொன்ன பிறகு பெயரைச் சொல்லலாம்.

முகர்வு திரிவதற்கு யாரோ ‘நாற்றப்பிறழ்வு’ என்று போட்டிருந்தார்களே, அதற்குத் தனி இழை தொடங்குங்கள். ‘நாற்றம்’ என்றால் ஒரு காலத்தில் நறுமணம் என்று விளக்கிவிட்டுத்தான் அந்தச் சொல்லைப் பயன்படுத்த முடியும்.